குவாண்டம் ஹால் வரைபடம்: அளப்பது எப்படி, படிப்பது எப்படி

மிகக் குளிர்ந்த ஒரு மெல்லிய எலக்ட்ரான் அடுக்கின் குறுக்கே எழும் தடை, காந்தப்புலம் ஏற ஏற நேர்கோட்டில் போகாமல் நடுநடுவே தட்டையான மேடைகளாக நிற்கும். அதைக் காட்டுவதுதான் குவாண்டம் ஹால் வரைபடம். முதன்முதலாக நான் சொந்தமாக அளந்த வரைபடத்தில், நிரப்பு எண் ஒன்றுக்கான மேடை (நிரப்பு எண் என்ன என்று கீழே வரும்) 25,680 ஓமில் நின்றது. நிற்க வேண்டிய இடம் 25,812.8 ஓம். மேடை கண்ணாடி போலத் தட்டையாகத்தான் இருந்தது, உயரம்தான் தவறு. எந்தப் பொருளில் அளந்தாலும் ஒரே எண்தான் வரும் என்று படித்துவிட்டு வந்த எனக்கு, அரை சதவீதம் குறைந்தது பெரிய அதிர்ச்சி. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் அதே பிழை உங்களுக்கும் வரும்.

ஒரு குறைகடத்தி மாதிரியைக் குளிரூட்டி முதல் முறையாக இந்த அளவீட்டைச் செய்யப்போகும் மாணவருக்காக இதை எழுதுகிறேன். கருவியைத் தொடப்போவதில்லை, கட்டுரைகளில் வரும் வரைபடத்தைப் புரிந்துகொண்டால் போதும் என்பவர்கள் பாதியிலிருந்து படிக்கலாம். இந்த வரைபடத்தைப் பார்க்கும் எல்லோருடைய கண்ணும் நேராக மேடைகளில் போய் நிற்கிறது. மேடைகளின் உயரம் நமக்கு நன்றாகத் தெரியும். விடை கிடைக்காத கேள்விகள் பெரும்பாலும் மேடைக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள சரிவுகளிலும், மேடையே இல்லாமல் கடந்துபோகிற இடங்களிலும், யாரும் எதிர்பாராமல் வந்து நின்ற ஒரு மேடையிலும் இருக்கின்றன. அங்கெல்லாம் கண் போகிற மாதிரி அளக்கப் பழக வேண்டும்.

முதலில் கணக்கு

1879-இல் எட்வின் ஹால் கண்டது எளிய விஷயம். மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டம் ஓடும்போது செங்குத்தாகக் காந்தப்புலம் கொடுத்தால், தகட்டின் குறுக்கே ஒரு மின்னழுத்தம் எழும். புலம் கூடக்கூட அதுவும் நேர்கோட்டில் கூடும். 1980 பிப்ரவரி 5 அதிகாலையில், பிரான்ஸின் கிரெனோபிளில் கிளாவுஸ் ஃபான் கிளிட்சிங் ஒரு சிலிக்கான் டிரான்சிஸ்டரில் பார்த்தது வேறு: ஹால் தடை நேர்கோட்டில் போகாமல் படிப்படியாக நின்று நின்று போனது. படியின் உயரம் கிடைக்க, பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து, அதை மறுபடி 1, 2, 3 என்ற முழு எண்ணால் வகுக்க வேண்டும். 25,812.8, 12,906.4, 8,604.3, 6,453.2 ஓம். இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நள்ளிரவில் திரையைப் பார்க்கும்போது கை தானாகக் கால்குலேட்டரைத் தேடக் கூடாது.

அந்த வகுக்கும் எண்தான் நிரப்பு எண். காந்தப்புலத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் தனித்தனி மட்டங்களாகப் பிரிகிறது. அவைதான் லேண்டவ் மட்டங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை எலக்ட்ரானுக்கு இடம் உண்டு என்பதைப் புலம்தான் தீர்மானிக்கிறது. புலம் கூடினால் இடமும் கூடும், அதனால் குறைந்த மட்டங்களே நிரம்பும். எத்தனை மட்டம் நிரம்பியிருக்கிறதோ அதுவே நிரப்பு எண்.

நான் பயன்படுத்தும் குறுக்குவழி இது. மாதிரியில் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை பத்தாயிரம் கோடி எலக்ட்ரான் இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணை 4.136 ஆல் பெருக்கினால் நிரப்பு எண் 1 வருகிற புலம் டெஸ்லாவில் கிடைக்கும். கேலியம் ஆர்சனைடு மாதிரியில் 30,000 கோடி என்று வைத்துக்கொண்டால் 3 பெருக்கல் 4.136, அதாவது 12.4 டெஸ்லா. நிரப்பு எண் 2 அதில் பாதி, 6.2 டெஸ்லா. 4 வருவது 3.1 டெஸ்லாவில். உங்கள் காந்தம் 9 டெஸ்லாவோடு நின்றுவிடும் என்றால் இந்த மாதிரியில் முதல் மேடையின் நடுப்பகுதியைப் பார்க்கவே முடியாது. குளிரூட்டிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, முந்தின நாள் ஒரு தாளில் கண்டுபிடிப்பது நல்லது.

வெப்பநிலைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கேலியம் ஆர்சனைடில் லேண்டவ் மட்டங்களுக்கு இடையிலான ஆற்றல், ஒரு டெஸ்லாவுக்குச் சுமார் 20 கெல்வின். ஆகவே இரட்டை எண் மேடைகளைப் பார்க்க நீர்ம ஹீலியத்தின் 4.2 கெல்வினே போதும். ஒற்றை எண் மேடைகள், எலக்ட்ரானின் சுழற்சியைப் (ஸ்பின்) பொறுத்து ஒவ்வொரு மட்டமும் இரண்டாகப் பிரிவதால் வருபவை. அந்தப் பிரிவு மிகச் சிறியது, டெஸ்லாவுக்கு 0.3 கெல்வின் அளவுதான். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அது பல மடங்கு பெருகித் தெரிகிறது. அப்படியும் ஒரு கெல்வினுக்குக் கீழே போனால்தான் தெளிவாக இருக்கும். நிரப்பு எண் பின்னமாக வரும் மேடைகளில் மென்மையானவை வேண்டுமென்றால் மில்லிகெல்வின், அதாவது டைல்யூஷன் குளிரூட்டி.

மாதிரியும் தொடுமுனைகளும்

மாதிரியின் வடிவம் ஹால் பார். நீளமான ஒரு பட்டை, இரு முனையிலும் மின்னோட்டத்துக்கு ஒவ்வொரு தொடுமுனை, இரு பக்கவாட்டிலும் மின்னழுத்தம் பார்க்க இரண்டிரண்டு. ஒரே பக்கத்துத் தொடுமுனைகள் இரண்டுக்கும் நடுவே அளப்பது நெடுக்குத் தடை. எதிரெதிரே அளப்பது ஹால் தடை. பட்டையை வெட்டும்போது அது படிகத்தின் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதைக் கட்டாயம் குறித்து வையுங்கள். ஏன் என்று பின்னால் தெரியும். குறிக்காமல் விட்டு நான் வருந்தியிருக்கிறேன்.

தொடுமுனைகளைத் தங்கம்–ஜெர்மானியம்–நிக்கல் கலவையை உருக்கிப் பதித்துச் செய்வார்கள், அல்லது இண்டியத்தை வைத்துச் சூடாக்குவார்கள். அறை வெப்பநிலையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். குளிரில்தான் குட்டு வெளிப்படும். 4 கெல்வினில் ஒவ்வொரு ஜோடியையும் சோதியுங்கள். உண்மையான சோதனை மேடையின் மேல் செய்வதுதான். நெடுக்குத் தடை பூஜ்யமாகிவிட்ட இடத்தில் புலத்தை நிறுத்தி, ஒரு தொடுமுனை வழியாக மின்னோட்டத்தை வெளியே எடுத்து, அதற்கும் அதே விளிம்பில் அடுத்திருக்கும் முனைக்கும் நடுவே மின்னழுத்தம் பாருங்கள். விளிம்பு முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால், காட்டுவது அந்த ஒரு தொடுமுனையின் தடையும் அதன் கம்பியின் தடையும் மட்டுமே. இவ்வளவு சுத்தமாகத் தொடுமுனையைச் சோதிக்க வேறு எந்த நிலையிலும் வாய்ப்புக் கிடைக்காது.

மாதிரியை இருட்டில் மெதுவாகக் குளிரவிடுங்கள். பல கேலியம் ஆர்சனைடு மாதிரிகளுக்கு 4 கெல்வினில் ஒரு சிவப்பு எல்இடியைச் சில நிமிடம் ஒளிரவிட்டால் எலக்ட்ரான் அடர்த்தி கூடி, அப்படியே நிலைத்துவிடும். அதற்குப் பிறகு அடர்த்தி ஒரே மதிப்பில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே அளக்கத் தொடங்க வேண்டும்.

அந்த அரை சதவீதம்

இப்போது என் மூன்று நாள் கதை. லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் என்பது, தான் அனுப்பும் அதிர்வெண்ணில் திரும்பி வரும் சிறு மின்னழுத்தத்தை மட்டும் பிரித்து அளக்கும் கருவி. அதன் 1 வோல்ட் வெளியீட்டை 10 மெகா ஓம் தடை வழியாக மாதிரிக்குள் விட்டேன். 100 நானோ ஆம்பியர் ஓடுகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், சாதாரண மாதிரிக்கு இது சரியும்கூட. ஆனால் நிரப்பு எண் 1-இல் மாதிரியே 25.8 கிலோ ஓம் தடையாக நிற்கிறது. மொத்தத் தடை 10 மெகா ஓம் இல்லை, 10.0258 மெகா ஓம். மின்னோட்டம் 0.26 சதவீதம் குறைந்துபோகிறது. நான் 100 என்று வகுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாளே இதைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். மேடை பாதி தூரம் மேலே வந்து நின்றது. மீதிப் பாதி போகவில்லை! இரண்டு நாள் கம்பிகளை மாற்றினேன், தரை இணைப்பைக் குறை சொன்னேன், மாதிரியையே சந்தேகப்பட்டேன். மின்னழுத்தத்தைப் பார்க்கும் உள்ளீட்டின் தடையும் அதே 10 மெகா ஓம் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது. ஹால் முனையிலிருந்து அந்த உள்ளீடு வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் தரைக்குக் கசிகிறது. 25.8 கிலோ ஓமுக்கு எதிரே 10 மெகா ஓம்: மறுபடி 0.26 சதவீதம். ஒரே அளவுள்ள இரண்டு பிழைகள், ஒரே திசையில். ஒன்றைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் இரண்டு நாளைத் தின்றது.

நீங்கள் செய்ய வேண்டியது: மின்னோட்டத்தை ஊகிக்காமல் அளக்க வேண்டும். மாதிரியோடு தொடராக, மதிப்பு துல்லியமாகத் தெரிந்த 10 கிலோ ஓம் தடையை வைத்து, அதன் மேல் விழும் மின்னழுத்தத்தை இன்னொரு லாக்-இன் கொண்டு கூடவே பதிவு செய்யுங்கள். மின்னழுத்த முனைகளுக்கு முன்னால், உள்ளீட்டுத் தடை மிக அதிகமான முன்பெருக்கி ஒன்றைப் போடுங்கள். அதிர்வெண் 13 அல்லது 17 ஹெர்ட்ஸ் போல, மின்வழங்கலின் 50, 60 ஹெர்ட்ஸுக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் விலகி இருக்கட்டும். அதிர்வெண் கூடினால் கம்பியின் மின்தேக்கம் வழியாகக் கசிவு கூடும். லாக்-இன்னின் 90 பாகைக் கூறு, அதாவது அனுப்பிய அலையிலிருந்து கால் சுற்று விலகி வரும் பகுதி, மேடையின் மேல் திடீரென்று வளர்ந்தால் அதுதான் அறிகுறி. அந்தக் கூற்றையும் கோப்பில் சேமியுங்கள். பலர் சேமிப்பதில்லை.

மின்னோட்டம் எவ்வளவு? 4 கெல்வினில் 100 நானோ ஆம்பியர் பரவாயில்லை. மில்லிகெல்வினில் 10 அல்லது அதற்கும் கீழே. அதற்கு ஒரு சோதனை உண்டு: மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கி அதே பகுதியை மறுபடி அளந்து பாருங்கள். வளைவு மாறினால் எலக்ட்ரான்கள் சூடாகின்றன. வெப்பமானி 20 மில்லிகெல்வின் காட்டலாம். எலக்ட்ரான்கள் 80-இல் இருக்கலாம். கம்பி வழியே வரும் இரைச்சலே அவற்றைச் சூடாக்கப் போதுமானது, ஆகவே ஒவ்வொரு கம்பியிலும் வடிகட்டி அவசியம்.

புலத்தை நிமிடத்துக்கு 0.1 டெஸ்லாவுக்கு மேல் நகர்த்தாதீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அளந்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். உச்சிகள் இடம் மாறியிருந்தால் வேகம் அதிகம், அல்லது லாக்-இன்னின் நேர மாறிலி அதிகம். அப்புறம் புலத்தைத் திருப்பி எதிர்த்திசையிலும் அளக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் பட்டையின் மேல் பக்கத்து நெடுக்குத் தடையும் கீழ்ப் பக்கத்து நெடுக்குத் தடையும் புலத்தைத் திருப்பியதும் ஒன்றோடொன்று இடம் மாறிக்கொண்டால், உங்கள் மாதிரியில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அடர்த்தி வித்தியாசம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சரிவுகளைப் பற்றி எதுவும் பேசக் கூடாது.

வரைபடத்தைப் படிப்பது

இடது ஓரத்திலிருந்து தொடங்குங்கள். குறைந்த புலத்தில் ஹால் தடை நேர்கோடு. 30,000 கோடி அடர்த்திக்கு அதன் சாய்வு டெஸ்லாவுக்குச் சுமார் 2,080 ஓம். அரை டெஸ்லாவைத் தாண்டினால் நெடுக்குத் தடையில் அலைகள் தொடங்கும். அவை புலத்தின் தலைகீழ் மதிப்பில் சம இடைவெளியில் வரும். அந்த இடைவெளியிலிருந்தும் அடர்த்தி கிடைக்கும். இரண்டு அடர்த்தியும் ஒத்துப்போக வேண்டும். ஹால் சாய்வு தரும் அடர்த்தி கூடுதலாக இருந்து, மேடையின் மேலும் நெடுக்குத் தடை பூஜ்யத்தைத் தொடவில்லை என்றால், பக்கத்தில் இன்னொரு அடுக்கும் மின்சாரம் கடத்துகிறது. அந்த மாதிரியில் மேற்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டாம்.

அப்புறம் மேடைகள். ஏன் தட்டை? இதில் என்னை இன்றும் ஆச்சரியப்படுத்துகிற விஷயம், தட்டைக்குக் காரணம் அழுக்கு என்பது. அழுக்கே இல்லாத, எல்லா இடமும் ஒரே சீரான ஒரு பொருளில் ஹால் தடை பழைய நேர்கோடாகவே போகும், மேடையே வராது. மாசுகளும் மேடுபள்ளங்களும் இருப்பதால், ஒவ்வொரு லேண்டவ் மட்டமும் அகன்று, அதன் நடுப்பகுதி தவிர மற்ற இடத்து எலக்ட்ரான்கள் எல்லாம் குழிகளிலும் குன்றுகளைச் சுற்றியும் சிக்கிக்கொள்கின்றன. புலத்தை மாற்றும்போது சிக்கிய எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் மாறுகிறது; கடத்துகிற எலக்ட்ரான்களுக்கு அது தெரிவதே இல்லை. அதனால் தடை அசையாமல் நிற்கிறது. எவ்வளவு அசையாமல்? கிராஃபீனில் வரும் மேடையும் கேலியம் ஆர்சனைடில் வரும் மேடையும் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வேறுபடவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஏன் முழு எண் மட்டுமே வருகிறது என்பதற்கு 1981-இல் ராபர்ட் லாஃப்லின் ஒரு வாதம் தந்தார். அடுத்த ஆண்டே டேவிட் தௌலஸும் மூன்று சகாக்களும் அதை இடவியல் எண்ணாக, அதாவது பொருளைச் சற்று மாற்றினாலும் மாறாத ஒரு முழு எண்ணாகக் காட்டினார்கள். 2019 முதல் பிளாங்க் மாறிலிக்கும் எலக்ட்ரான் மின்னூட்டத்துக்கும் நிலையான மதிப்பு வைத்துவிட்டதால், இந்தத் தடையின் மதிப்பும் வரையறையிலேயே அடங்கிவிட்டது.

மின்னோட்டம் விளிம்பில் மட்டும்தான் ஓடுகிறது என்று பல பாடநூல் படங்கள் காட்டும். கணக்குப் போட அது போதும். உண்மை மாதிரியில் விளிம்பை ஒட்டி, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்கி அடரக்கூடிய பட்டைகளும் அப்படி அடர முடியாத பட்டைகளும் மாறிமாறி அமைகின்றன. மேடையின் ஒரு முனையில் மின்னோட்டம் விளிம்பை ஒட்டியும், மறுமுனையில் உட்புறம் முழுக்கப் பரவியும் ஓடுவதாக நுண்ணளவீடுகள் காட்டுகின்றன. தடை மட்டும் மாறுவதில்லை.

சரிவில் என்ன இருக்கிறது

மேடைக்கும் மேடைக்கும் நடுவே ஹால் தடை ஏறுகிற இடத்தில் நெடுக்குத் தடைக்கு ஓர் உச்சி இருக்கும். அங்கேதான் சிக்கிய நிலைகள் விடுபட்டு மாதிரியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீள்கின்றன. வெப்பநிலை குறையக் குறைய அந்தச் சரிவு செங்குத்தாகிறது. எந்த வேகத்தில் செங்குத்தாகிறது என்பதை அளப்பது உங்களாலும் முடியும், அதற்குப் பெரிய புலமும் வேண்டாம்.

ஒரு சரிவைத் தேர்ந்தெடுங்கள். 60, 120, 240, 480, 960 மில்லிகெல்வின் என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றிலும் அந்தச் சரிவை மட்டும் மிக மெதுவாக, இரு திசையிலும் அளந்து பாருங்கள். சரிவின் மிக உயர்ந்த சாய்வை எடுத்து, அதன் மடக்கையை வெப்பநிலையின் மடக்கைக்கு எதிரே வரையுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்வுதான் உங்கள் அடுக்கு எண். 1988-இல் இண்டியம் கேலியம் ஆர்சனைடு மாதிரிகளில் 0.42 வந்தது. பிற்பாடு, அலுமினியத்தைக் கலந்து குறுகிய வீச்சு மாசு வேண்டுமென்றே சேர்த்த கேலியம் ஆர்சனைடு மாதிரிகளிலும் அதே 0.42. அதிலிருந்து சிக்கிய நிலைகளின் நீளம் எப்படி வளர்கிறது என்பதற்கு 2.38 என்ற அடுக்கு எண் கிடைக்கிறது.

கேள்வி இங்கேதான். எலக்ட்ரான்களுக்குள் தள்ளுவிசையே இல்லை என்று வைத்துக்கொண்டு, சாக்கரும் காடிங்டனும் 1988-இல் வலைப்பின்னல் வடிவில் ஒரு கணித மாதிரியை அமைத்தார்கள். கணினிகள் சிறியவையாக இருந்த காலத்தில் அதில் 2.35 பக்கமாக விடை வந்தது. சோதனையோடு பொருந்திவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். 2009-க்குப் பிறகு பெரிய கணக்கீடுகள் 2.6 பக்கம் போய் நின்றன. பொருத்தம் கலைந்துவிட்டது. காரணம் தள்ளுவிசையா? வலைப்பின்னலின் ஒழுங்கான வடிவமா? வடிவத்தைக் குலைத்துப் போட்டால் 2.37 வருகிறது என்று ஒரு குழு 2017-இல் காட்டியது. கடைசி எல்லையில் அடுக்கு எண் என்றே ஒன்று கிடையாது, நாம் பார்ப்பதெல்லாம் மெதுவாக நகர்கிற ஒரு மாயத் தோற்றம் என்பது 2019-இல் மார்ட்டின் ஸிர்ன்பாவர் வைத்த வாதம். நாற்பது வருடத்துக்கு மேல் பழகிய ஒரு விளைவின் மிக அடிப்படையான எண்ணுக்கே இன்னும் ஒப்புதல் இல்லை.

என் மாதிரியில் எனக்கு 0.56 வந்தது. மாசுகள் தூரத்தில் இருக்கும் சுத்தமான மாதிரிகளில் இப்படி வேறு வேறு எண் வருவது வழக்கம். இன்னும் குளிர்த்தினால் 0.42-க்குத் திரும்பலாம். ஆனால் குளிர்த்த முடியாமல் எலக்ட்ரான்கள் சூடாகவே நின்றுவிட்டாலும் கோடு வளைந்து அதேபோல் ஏமாற்றும். மின்னோட்டத்தை இரட்டித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

பின்னங்கள்

1982-இல் டேனியல் சூய், ஹார்ஸ்ட் ஷ்டோர்மர், ஆர்தர் கொஸார்ட் மூவரும் பெல் ஆய்வகத்தில் உருவான ஒரு கேலியம் ஆர்சனைடு மாதிரியில், 15 டெஸ்லா அருகே 77,438 ஓமுக்கு ஒரு மேடையைப் பார்த்தார்கள். 25,812.8-இன் மூன்று மடங்கு. நிரப்பு எண் மூன்றில் ஒன்று. மேலே சொன்ன குறுக்குவழியைப் போட்டுப் பாருங்கள்: அவர்கள் மாதிரியின் அடர்த்தி 12,300 கோடி. 1.23 பெருக்கல் 4.136 பெருக்கல் 3, சரியாக அந்த இடம். இதற்குத் தனி எலக்ட்ரான் போதாது, எல்லா எலக்ட்ரானும் கூடிச் செய்கிற வேலை. அங்கே மின்னூட்டமே மூன்றில் ஒரு பங்காகத் துண்டாகிறது என்பதை 1997-இல் மின்னோட்ட இரைச்சலில் அளந்தார்கள். அந்தத் துண்டுகள் ஒன்றையொன்று சுற்றிவரும்போது எலக்ட்ரான் போலவும் ஒளித்துகள் போலவும் இல்லாமல் மூன்றாம் வகையாக நடந்துகொள்வதை 2020-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின.

பின்ன மேடையைச் சரிபார்க்க மூன்று அடையாளம் வேண்டும்: ஹால் தடையில் சரியான உயரம், அதே இடத்தில் நெடுக்குத் தடையில் பள்ளம், குளிர்த்தக் குளிர்த்தப் பள்ளம் ஆழமாவது. பள்ளம் மட்டும் இருந்து மேடை இல்லையென்றால் குறித்து மட்டும் வையுங்கள், பெயர் வைக்காதீர்கள். பள்ளத்தின் அடிமதிப்பின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே வரைந்தால் ஆற்றல் இடைவெளி கிடைக்கும்.

கிட்டத்தட்ட எல்லாப் பின்னங்களுக்கும் கீழே இருப்பது ஒற்றை எண். 1987-இல் ஐந்தின் கீழ் இரண்டில் (5/2) ஒரு மேடை வந்தது. 30,000 கோடி மாதிரியில் அது 4.96 டெஸ்லாவில் வரும். இரட்டை எண் எப்படி? எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன என்று 1991-இல் கிரெகரி மூரும் நிக்கலஸ் ரீடும் ஒரு விளக்கம் தந்தார்கள். எந்த வகை ஜோடி என்பதில்தான் சண்டை. மூன்று முக்கியமான வேட்பாளர்கள் உண்டு, விளிம்பில் ஓடும் வெப்பத்தின் அளவு மூன்றுக்கும் வேறு: குவாண்டம் அலகில் 3.5, 2.5, 1.5. 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் அளந்தபோது 2.5 வந்தது. கணினிக் கணக்கீடுகளோ 3.5 அல்லது 1.5 தருகிற நிலைகளையே ஆதரிக்கின்றன. அழுக்குதான் நடுவே புகுந்து 2.5 ஆக்குகிறதா என்பது இன்னும் தீரவில்லை. மிகச் சிறந்த மாதிரிகளிலும் இந்த மேடையின் ஆற்றல் இடைவெளி ஒரு கெல்வினுக்கும் குறைவுதான்; ஆகவே இங்கே எலக்ட்ரான்களின் உண்மையான வெப்பநிலையைத் தெரிந்துகொள்வதே பாதி வேலை.

அப்புறம் மேடையே வராத இடம், நிரப்பு எண் அரை. ஹால் தடை 51,626 ஓமை எந்தத் தயக்கமும் இல்லாமல் கடந்துபோகும். ஒவ்வொரு எலக்ட்ரானும் இரண்டு காந்தச் சுழல்களை ஏந்திக்கொண்டு, வெளிப்புலமே இல்லாதது போல நடமாடுகிறது என்பது 1989-இல் ஜைனேந்திர ஜெயின் தந்த கருத்திலிருந்து வளர்ந்த படம். அரையிலிருந்து இரு பக்கமும் அளந்து பாருங்கள்: வலப்பக்கமும் இடப்பக்கமும் கிட்டத்தட்டக் கண்ணாடிப் பிம்பம். ஆனால் அந்தக் கூட்டுத்துகள்களை எண்ணும்போது எலக்ட்ரான்களை எண்ணுவதா, காலியிடங்களை எண்ணுவதா என்பதில் பழைய கோட்பாடு தடுமாறியது. 2015-இல் டாம் தான் சோன் அவற்றுக்கு டிராக் துகளின் (நிறையே இல்லாதது போல நகரும் துகளின்) குணம் கொடுத்து இரு பக்கத்தையும் சமமாக்கினார். அளக்கும் அளவில் இரண்டு கோட்பாடுகளும் எங்கே பிரிகின்றன என்பதைக் கண்டுபிடிப்பது கடினமாகவே இருக்கிறது.

படிகத்திசையைக் குறிக்கச் சொன்னேன் அல்லவா? நிரப்பு எண் ஒன்பதின் கீழ் இரண்டில் (9/2), அதே 30,000 கோடி மாதிரியில் 2.76 டெஸ்லாவில், மிகச் சுத்தமான பொருளில் நெடுக்குத் தடை ஒரு திசையில் மலைபோலவும் செங்குத்துத் திசையில் பள்ளமாகவும் இருக்கும். 1999-இல் இதை வெளியிட்டார்கள். எலக்ட்ரான்கள் வரிவரியாக நிற்கின்றன. வரி ஏன் எப்போதும் படிகத்தின் அந்த ஒரு திசையையே தேர்ந்தெடுக்கிறது? இதற்கும் முழு விடை இல்லை. சதுர மாதிரியில் இரு திசையிலும் அளந்தால் ஒரே இரவில் பார்த்துவிடலாம்.

காந்தப்புலமே இல்லாமல் மேடை வருவதைப் பற்றியும் கேட்பார்கள். 1988-இல் டங்கன் ஹால்டேன் அது முடியும் என்றார். 2013-இல் குரோமியம் சேர்த்த பிஸ்மத்–ஆன்டிமனி டெல்லுரைடில் 30 மில்லிகெல்வினில் முழு எண் வந்தது. 2023-இல் முறுக்கி அடுக்கிய மாலிப்டினம் டெல்லுரைடில் பின்னங்களே வந்தன. அளக்கும் முறை அதேதான், சரிபார்க்க வேண்டியவையும் அவையே. அந்தத் துறை வேகமாக ஓடுகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அடுத்த முறை குளிரூட்டும்போது

முழு வீச்சை ஒருமுறை வேகமாக ஓட்டிப் பார்த்து, அடர்த்தியைக் கணக்கிட்டு, எந்தெந்தப் புலத்தில் எது வரும் என்று தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு மேடைகளின் நடுவே வேகமாகப் போங்கள், அங்கே நேரம் வீணாகும். சரிவுகளில் நிமிடத்துக்கு 0.02 டெஸ்லா. ஐந்தின் கீழ் இரண்டின் இரு பக்கமும் அதே வேகம், மின்னோட்டம் 2 நானோ ஆம்பியர். ஒன்பதின் கீழ் இரண்டில் இரு திசை. ஒவ்வொரு கோப்பிலும் மின்னோட்டம், இரு கூறுகள், வெப்பமானியின் அளவு, புலம் ஏறியதா இறங்கியதா என்ற குறிப்பு, பட்டை கிடந்த படிகத்திசை. 0.56 காட்டிய என் கோப்புகளில் முதல் மூன்று மட்டும்தான் இருந்தன. அதே மாதிரியை இப்போது மறுபடி குளிரவிட்டிருக்கிறேன். இன்று காலை வெப்பமானி 40 மில்லிகெல்வினைத் தொட்டது.